ஒரு சிம்மில் ஏற்றி ஊரெல்லாம் காட்டுவது: கொழும்பிலிருந்து கைபேசி நேரலை

நேரலை செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது கமராவைப் பற்றித்தான். "அண்ணா, 4கே இருக்கா?" என்பார்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள், எந்த ஊரில் இருந்து பார்ப்பார்கள், மண்டபத்துக்குள் எந்த சிம்முக்குச் சிக்னல் நிற்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் வெள்ளவத்தையில் மைக் செட் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று நேரலைப் பக்கம் வந்த பிறகு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கமரா கடைசியாகப் பார்க்க வேண்டியது. பிரதி எங்கே எடுக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16. அன்று முதல் இன்று வரை வானொலிக் கோபுரத்தின் வேலை மாறவில்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அது அனுப்புவது ஒரே அலை. கைபேசி டவர் அப்படியல்ல. ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இரண்டு பேர் ஒரே கலியாணத்தைப் பார்த்தாலும் டவர் இரண்டு பிரதி அனுப்பும். 1.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) வீடியோவை 200 பேர் பார்த்தால் 300 எம்பிபிஎஸ். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி செல், அதாவது டவரின் ஓர் அன்டெனாத் தொகுதி பார்த்துக்கொள்ளும் பகுதி, சாதாரண இரண்டு அன்டெனாக் கணக்கில், ஏட்டில் தருவது இறக்கத்துக்கு (டவுன்லோட்) 150, ஏற்றத்துக்கு (அப்லோட்) 50 எம்பிபிஎஸ். அதுவும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து, எல்லாம் சரியாக அமைந்தால்.

ஆகவே, உங்கள் சிம் தூக்க வேண்டியது ஒரே ஒரு பிரதி. அதை 200 ஆக்குகிற வேலை தூரத்தில் உள்ள சேர்வருடையது. யூடியூப், பேஸ்புக் போன்றவை வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, உலகம் முழுக்கத் தங்கள் தற்காலிகக் கிடங்குகளில் வைக்கின்றன. டொரொண்டோவில் பார்ப்பவருக்கு டொரொண்டோவுக்குக் கிட்ட உள்ள கிடங்கிலிருந்து போகும். கொழும்பிலிருந்து கடல் தாண்டுவது ஒரு பிரதிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் இந்த ஒரு பிரதியைப் பழுதில்லாமல் ஏற்றுவது எப்படி என்பதுதான்.

மண்டபத்தைப் போய்ப் பாருங்கள்

போனின் மேல் மூலையில் தெரியும் கம்பிகளை நம்ப வேண்டாம். டவர் சொல்வது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் அவை காட்டும். போன் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது. டவர் பத்துக் கணக்கான வாட்டில் பேசும். போனின் குரலோ அதிகபட்சம் 200 மில்லிவாட். நேரலையில் பேசுகிறவர் நாங்கள், அதாவது பலவீனமான பக்கம்.

அன்ட்ரொய்ட் போனில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே டிபிஎம் அளவில் ஓர் எண் வரும். மைனஸ் 80, 90 என்றால் நிம்மதி. மைனஸ் 110 தாண்டினால் அந்த இடத்தில் ஸ்டாண்டை வைக்காதீர்கள், வேறு மூலை பாருங்கள். ஜன்னலோரம் பத்தடி நகர்ந்தாலே எண் மாறும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் பெரிய ஹோட்டல்களின் நிலவறை மண்டபங்கள் பார்க்க அழகுதான், ஆனால் தடித்த கொங்கிரீட்டுக்குள் சிக்னல் இறங்காது. அப்படியான இடத்தில் நான் சிம் போட்ட ரவுட்டரை மேல்மாடி ஜன்னலில் வைத்துவிட்டு, அங்கிருந்து ஈதர்நெட் வயர் இழுத்துக்கொண்டு கீழே வருவேன். வைஃபையில் கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். முந்நூறு விருந்தாளிகளின் போன் சட்டைப்பையில் இருக்கிற மண்டபத்தில் வைஃபையை நம்புவதற்கு எனக்குத் துணிச்சல் போதாது.

வேகப் பரிசோதனையில் பெரிய எழுத்தில் வருகிற இறக்க வேகம் உங்களுக்குத் தேவையே இல்லை. ஏற்ற வேகத்தைப் பாருங்கள். ஒரு தடவை ஓடவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். ஒரு தனிப்பட்ட நேரலையைப் பத்து நிமிடம் உண்மையாகவே ஏற்றிப் பாருங்கள். அதுவும் அதே நேரத்தில். செவ்வாய்க்கிழமை காலை வெறும் மண்டபத்தில் ஓடுகிற வேகம், ஞாயிறு முகூர்த்த நேரத்தில் காலி வீதியில் மூன்று கலியாணம் நடக்கும்போது ஓடாது. அந்தப் பத்து நிமிடத்தில் ஆகக் குறைவாக இறங்கிய வேகம் எதுவோ அதில் பாதிதான் உங்கள் வரவு செலவு. குறைந்தது 4 எம்பிபிஎஸ் நின்றதா, 2 எம்பிபிஎஸ்ஸுக்குத் திட்டமிடுங்கள். மீதிப் பாதி, தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாகப் போனைத் தூக்குவார்களே, அதற்கு.

இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் கையில் இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருப்பதில் பலனில்லை. இரண்டும் ஒரே டவரில்தான் போய் முட்டும்.

அந்த எண் யாருக்கும் தெரியக்கூடாது

நேரலை போகும் போனில் அழைப்பு வந்தால் என்ன நடக்கும்? 4ஜியிலேயே குரல் அழைப்பை எடுக்கும் வசதி அந்த போனிலும் சிம்மிலும் இயங்காவிட்டால், போன் அழைப்புக்காக 4ஜியை விட்டுக் கீழே இறங்கும். வீடியோ அந்த இடத்திலேயே விழும். அழைப்பை எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, மணி அடித்தாலே போதும். ஆகவே நேரலைக்கென்று டேட்டா மட்டும் பாவிக்கும் ஒரு சிம் வைத்திருங்கள். அதன் எண்ணை மாப்பிள்ளையின் மாமாவுக்கும் கொடுக்க வேண்டாம், குறிப்பாக அவருக்கு. சாப்பாடு எப்போது என்று கேட்க அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

மூன்று மணி நேரம் 2 எம்பிபிஎஸ் ஏற்றினால் 2.7 ஜிபி. ரீலோட் பண்ணும்போது அதற்கு மேல் இன்னொரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கேஜின் பகல் டேட்டா எவ்வளவு, இரவு டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகூர்த்தத்தின் நடுவில் கடை தேடி ஓடுவதைக் கண்டிருக்கிறேன். யூடியூப் சனலில் முதல் தடவை நேரலை செய்வதானால் அனுமதி திறக்க 24 மணி நேரம் வரை எடுக்கும். அதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

போன் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், ஓமகுண்டத்துக்குக் கிட்டப் போக வேண்டாம்.

எண்கள்

எனக்கு வழமையாகச் சரிவருவது இதுதான்: 720பி, விநாடிக்கு 25 படம், எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறை, 1.5 முதல் 2 எம்பிபிஎஸ், முழுப்படச் சட்டகம் 2 விநாடிக்கு ஒரு தடவை. ஏற்றம் அதற்கு இடம் தராத இடத்தில் 480பி, 700 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் கையில் பிடித்த போனில் பார்க்கிறார்கள். அந்தத் திரையில் நல்ல 480பிக்கும் சுமாரான 1080பிக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிவது படம் நிற்கிறதா ஓடுகிறதா என்பதுதான். அதற்குப் பிந்திய எச்.265 ஏறக்குறைய பாதி வேகத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் போனைச் சூடாக்கும், எல்லாச் சேவையும் அதை ஏற்காது. மணித்தியாலக்கணக்கான நிகழ்ச்சிக்கு நான் பழையதையே வைத்துக்கொள்கிறேன்.

25 என்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 படத்தில் எடுத்தால் மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிக்கும். அந்தத் துடிப்பு கண்ணுக்கு எரிச்சல் என்பதோடு நிற்காது. ஒவ்வொரு சட்டகமும் முந்தியதிலிருந்து மாறுவதால், வீடியோவைச் சுருக்கும் என்கோடர் ஒன்றும் நடக்காத காட்சிக்கும் டேட்டாவைச் செலவழிக்கும்.

இது எல்லாவற்றுக்கும் பொருந்தும். வீடியோச் சுருக்கம் என்பது முந்திய படத்திலிருந்து என்ன மாறியது என்று மட்டும் எழுதிக்கொள்ளும் வேலை. மாற்றம் குறைந்தால் டேட்டாவும் குறையும். கையில் பிடித்த கமராவில் முழுப்படமும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது, ஸ்டாண்டில் வைத்தால் மணமக்கள் மட்டும் மாறுகிறார்கள். இதற்கு ஒரு கெட்ட எதிரி, மணவறைக்குப் பின்னால் ஓடி ஓடி எரிகிற சீரியல் பல்ப். சோடனைக்காரரிடம் முதலிலேயே கதைத்து, அதை நிலையாக எரியும்படி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பொத்தானை அமத்துவதோடு முடிந்துவிடும். மறுப்பவர்கள் குறைவு. அட்சதை தூவும்போதும் ஓமப்புகை எழும்பும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைவதும் இதனால்தான். அந்த நேரத்தில் கமராவைப் பெரிதாக்கி உள்ளே போகாதீர்கள், அகலமாகவே விடுங்கள். மூலையில் சுழல்கிற லோகோ, ஓடுகிற வாழ்த்துப் பட்டி எல்லாம் என் கண்ணுக்கு அழகுமில்லை, டேட்டாவுக்கும் நட்டம்.

அப்ளிகேஷனைப் பொறுத்தவரை, வேகம் குறையும்போது தானாகவே தரத்தை இறக்கும் வசதி உள்ள ஏதாவது ஒன்று வேண்டும். நான் பாவிப்பது லாரிக்ஸ் பிராட்காஸ்டர். மடிக்கணினி கொண்டுபோகிற இடத்தில் ஓபிஎஸ் என்ற மென்பொருள்.

சத்தத்துக்கு முதலிடம்

படம் இரண்டு விநாடி நின்றால் ஆச்சி பொறுத்துக்கொள்வார். கெட்டிமேளத்தில் சத்தம் போனால் பொறுக்க மாட்டார். மைக் செட்காரன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கும் அதையேதான் சொல்கிறது. 64 கேபிபிஎஸ் ஒலி, 2 எம்பிபிஎஸ் வீடியோவில் முப்பதில் ஒரு பங்கு. அதைக் குறைத்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. நாதஸ்வரம் உள்ள இடத்தில் 96 அல்லது 128 கொடுங்கள், படத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

போனின் சொந்த மைக் நமது விசேஷங்களுக்கு ஏற்றதல்ல. அது தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். ஐயர் மந்திரம் மெதுவாகப் போகும்போது கூட்டிக்கொண்டே வரும். தவில் ஓர் அடி விழுந்ததும் ஒரேயடியாக அமுக்கிவிடும். அடுத்த நாலு விநாடிக்கு மந்திரமே கேட்காது. அதைவிடப் பெரிய தொல்லை, இரைச்சல் நீக்கும் வசதி. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று அது முடிவு கட்டும். ஃபேன் சத்தத்தை எடுக்கும், சரி. கூடவே சுருதிப்பெட்டியையும் எடுத்துவிடும். சுருதி இல்லாமல் தேவாரம் பாடுகிற மாதிரி ஒரு நேரலையைக் கேட்டீர்கள் என்றால், பாடியவரில் பிழையில்லை, அந்த வசதி திறந்து கிடந்திருக்கிறது. தானியங்கிக் கூட்டல், இரைச்சல் நீக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

மண்டபத்து மிக்ஸரில் பதிவு வெளியீடு என்று ஒரு துளை இருக்கும். அதிலிருந்து எடுத்துப் போனுக்குக் கொடுங்கள். நேரே குத்த வேண்டாம். அங்கே வருவது லைன் அளவு, போன் எதிர்பார்ப்பது மைக் அளவு. இடையில் 30, 40 டெசிபல் குறைக்கும் ஒரு வயர் வேண்டும், இல்லையென்றால் சின்ன யூஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று. தவில்காரரை உச்சத்தில் ஒரு தரம் வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 இல் நிற்கும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கை வைக்காதீர்கள்.

உம் என்று ஓர் உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தால், போன் சார்ஜரும் மிக்ஸரும் ஒரே மின்சாரத்தில் சுற்றுப் போட்டிருக்கின்றன என்று அர்த்தம். சார்ஜரைக் கழற்றி பவர் பேங்க்கில் போடுங்கள், பெரும்பாலும் அந்த நிமிடமே நிற்கும்.

செத்தவீட்டுக்கு இதெல்லாம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இப்போது மரண அறிவித்தலிலேயே நேரலை இணைப்பு வருகிறது. மலர்ச்சாலையில் படம் என்று பார்த்தால் ஒரே கோணம்தான், மாறுவது ஒன்றுமில்லை, 480பி தாராளம். சுண்ணம் இடிக்கும்போது பாடுகிற பாட்டும், மகள் பேசுகிற இரண்டு வார்த்தையும் சூரிச்சில் இருக்கிறவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். பாடுபவர் பக்கத்தில் ஒரு மைக், பேசுபவருக்கு ஒரு மைக். பொரளைக் கனத்தைக்கோ கல்கிசை மயானத்துக்கோ போகிற வழியில் வாகனத்துக்குள்ளிருந்து நேரலை கேட்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. வழி நெடுக டவர் மாறிக்கொண்டே போகும், படம் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே போய்த் திரும்பத் தொடங்குவேன் என்று அறிவித்துவிட்டு நிறுத்துவேன்.

வாட்ஸ்அப்பில் கூட்டு அழைப்பு வேண்டாம்

இணைப்பு அனுப்பியும், "இல்லைத் தம்பி, எங்களுக்கு வாட்ஸ்அப்பில் எடு" என்று ஒரு மாமி சொல்வார். கூட்டு வீடியோ அழைப்பில் பார்க்கிறவரும் தன் படத்தை அனுப்புகிறார். இருபது பேர் சேர்ந்தால் இருபது பேரின் கூரை ஃபேனும் எல்லார் போனுக்கும் இறங்கும். கதைக்கிறதற்கு அது நல்லது, காட்டுவதற்கு அல்ல. ஒருவர் அனுப்பிப் பலர் பார்ப்பதற்கு இணைப்புத்தான் சரி. அதை ஒரு தடவை திறந்து பார்க்க மாமிக்குப் பழக்கிவிட்டால் அடுத்த கலியாணத்துக்கு அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

பதிந்த துண்டு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒரு சின்னச் சூட்சுமம். ஒரு குழுவுக்குப் போட்ட பிறகு, மற்றக் குழுவுக்குக் கலரியிலிருந்து திரும்ப இணைக்காதீர்கள். முதல் குழுவில் போட்டதை அப்படியே முன்னனுப்புங்கள். சேர்வரில் ஏற்கெனவே உள்ள பிரதியே போகும், உங்கள் சிம் திரும்பத் தூக்காது.

பார்க்கிறவர் பக்கம்

நேரலை அமைப்பில் தாமதத்தை மிகக் குறை என்று ஒரு தெரிவு இருக்கும். நான் அதைத் தொடுவதில்லை. சாதாரணத் தாமதத்தில் பார்க்கிறவரின் போன் சில துண்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் கொஞ்சம் போய் வந்தாலும் படம் நிற்காது. 6 விநாடித் துண்டு மூன்று என்றால் 18 விநாடி பின்தங்கும், அவ்வளவுதான். அக்கா போனில் கூப்பிட்டு "தாலி கட்டியாச்சு" என்று சொல்லும்போது தங்கையின் திரையில் ஐயர் இன்னும் தாலியைத் தேடிக்கொண்டிருப்பார். அதைச் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஊரில் பார்க்கிறவர்களுக்கு நான் அனுப்பும் குறிப்பில் இரண்டு வரிதான் இருக்கும். படத் தரத்தைத் தானியங்கியில் விடாமல் 360இல் வையுங்கள். வீட்டில் ஒரே போனில் சேர்ந்து பாருங்கள். 500 கேபிபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரம் 450 எம்பிதான். தானியங்கியில் விட்டால் 720பிக்கு ஏறி மூன்று மடங்கு தின்றுவிடும்.

கதாப்பிரசங்கம், மார்கழி விடியற்காலை வழிபாடு போன்றவற்றுக்குப் படமே தேவையில்லை. 48 கேபிபிஎஸ் ஒலி இரண்டு மணி நேரத்துக்கு 43 எம்பி. 32 கேபிபிஎஸ் ஒலியை ஆயிரம் பேர் கேட்டாலும் சேர்வரிலிருந்து போவது மொத்தம் 32 எம்பிபிஎஸ், வாடகைக்கு எடுக்கிற மலிவான சேர்வரே தாங்கும். கோயில் நிர்வாகங்களுக்கு இதைச் சொன்னால் "வீடியோ இல்லாமலா?" என்று முகம் சுளிப்பார்கள். வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைத்தான் விரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆடிவேல், தேர், தெருவில் நகர்கிற எதுவும்

செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும்போது, கூடவே நடந்து நேரலை செய்யப் போகாதீர்கள். கூட்டமும் உங்களோடு நகர்கிறது. நீங்கள் போய்ச் சேரும் ஒவ்வொரு செல்லும் நீங்கள் போகும் நேரத்தில்தான் நிரம்பும். அதற்குப் பதிலாக இரண்டு போன், இரண்டு ஆள். ஒருவர் ஒரு சந்தியில் மாடி ஜன்னலில் நிற்கட்டும். தேர் கடந்ததும் மற்றவர் முன்னால் உள்ள இடத்தில் தொடங்கட்டும். இரண்டும் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள ஒரு சின்ன வாடகைச் சேர்வருக்குப் போகும். வீட்டு ஃபைபரில் ஒருவர் ஓபிஎஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவார்.

போனிலிருந்து சேர்வருக்கு வீடியோவை அனுப்ப ஆர்டிஎம்பி, எஸ்ஆர்டி என்று இரண்டு முறை உண்டு. இந்த வேலைக்கு ஆர்டிஎம்பியை விட எஸ்ஆர்டி நல்லது. ஆர்டிஎம்பியில் ஒரு டேட்டாப் பொட்டலம் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் உள்ளவை எல்லாம் வரிசையில் காத்து நிற்கும். எஸ்ஆர்டி தொலைந்ததை மட்டும் திரும்பக் கேட்கும், குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். அந்த நேரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இயல்பாக இருப்பது 120 மில்லிவிநாடி, கூட்டத்துக்குள் அது காணாது. பொட்டலம் சேர்வருக்குப் போய்வரும் நேரத்தின் நாலு மடங்கு என்பது பொது விதி. திருவிழாவுக்கு நான் 2000 வைத்துவிடுவேன்.

டவரே எல்லாருக்கும் ஒரே தடவையில் அனுப்பாதா?

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் கேட்கிற கேள்வி. அனுப்பும். அதற்கான முறை எழுதப்பட்டு இருபது வருடம் ஆகிறது. கைபேசி வலைகளுக்கு விதி எழுதும் 3ஜிபிபி அமைப்பு 3ஜி காலத்திலேயே எம்பிஎம்எஸ் என்று ஒன்றை வகுத்தது. 4ஜிக்கு அது இஎம்பிஎம்எஸ் ஆனது. ஒரு பகுதியில் உள்ள பல டவர்கள் ஒரே அலையை ஒரே கணத்தில் அனுப்பும். போனுக்கு அவை பல டவராகத் தெரியாது, ஒரே ஒலியும் அதன் எதிரொலிகளும் மாதிரித் தெரியும். எதிரொலி பிந்தலாம், ஆனால் 16.7 மைக்ரோவிநாடிக்குள் வந்துவிட வேண்டும். அது அலை 5 கிலோமீற்றர் ஓடும் நேரம். கோயில் ஒலிபெருக்கி மாதிரித்தான்: தெருவில் எத்தனை காது இருந்தாலும் அதற்கு ஒரே செலவு.

இதில் ஒரு சிக்கல். கேட்கிறவர் "எனக்கு விழவில்லை, திரும்பச் சொல்" என்று கேட்க வழியில்லை. ஆகவே ஆகப் பலவீனமான மூலையில் இருப்பவருக்கும் விளங்கும் வேகத்தில் அனுப்ப வேண்டும், கூடவே பழுது தீர்க்கும் பொட்டலங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ராப்டர் குறியீடு என்பது அதற்குத்தான். எந்தப் பொட்டலம் தொலைந்தாலும், போதிய அளவு மற்றவை வந்து சேர்ந்தால் போன் முழுவதையும் மீட்டுக்கொள்ளும்.

கொரியாவின் கேடி நிறுவனம் 2014 ஜனவரியில் இதை வணிகச் சேவையாகவே தொடங்கியது. அதற்கு முன்னால், தனி அலைவரிசையில் போனுக்குத் தொலைக்காட்சி அனுப்பும் முயற்சிகள் நடந்தன. 2006 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது இத்தாலியில் டிவிபி-எச் என்ற முறை, அடுத்த வருடம் அமெரிக்காவில் குவால்கொம்மின் மீடியாஃபுளோ. மீடியாஃபுளோ 2011இல் மூடப்பட்டது. ஏன் எதுவும் பரவவில்லை என்றால், ஒரே செல்லில், ஒரே நேரத்தில், ஒரே காட்சியைப் போதுமான ஆட்கள் பார்த்தால்தான் இதில் இலாபம். மைதானத்தில் சரிவரும். வீட்டில் ஆளுக்கொன்று பார்க்கிற காலத்தில் டவரின் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்க நிறுவனங்களுக்கு மனமில்லை. போன் தயாரிப்பாளர்களும் பெரும்பாலானோர் அந்த வசதியைத் திறக்கவில்லை. 5ஜிக்கும் 3ஜிபிபி விதிகளின் 17ஆம் வெளியீட்டில் புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் போய்க் காசு கட்டி வாங்குகிற சேவையாக அது உங்களுக்கும் எனக்கும் வராது. 239 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரியை, அதாவது ஒரு தடவை அனுப்பியதைப் பலர் எடுத்துக்கொள்ளும் முகவரியை, 4ஜி போனில் போட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், அது எந்தப் போனுக்கும் போய்ச் சேராது.

போன் வலையில் உண்மையாகவே ஒன்றிலிருந்து எல்லாருக்கும் போவது செல் பிராட்காஸ்ட் எனப்படும் அவசர எச்சரிக்கைதான். அது வெறும் எழுத்து. ஒரு பக்கத்துக்கு 82 பைட், ஆங்கிலம் என்றால் 93 எழுத்து, தமிழுக்கு 41 குறியீடு மட்டும். கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காவதால் தமிழில் உண்மையில் இன்னும் குறைவு. அதிகபட்சம் 15 பக்கம். சுனாமி வருகிறது என்று சொல்லப் போதும்.

ஆனால் அந்தப் பொறியியலாளர்களிடம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. ஒரு செல்லுக்குள் எத்தனை பேர் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கை கூடினால் மட்டும் பொது அலைக்கு மாற்றுவது அவர்கள் முறை. நாங்களும் எண்ணலாம். கீழ்மாடிச் சாப்பாட்டு அறையில் பந்தியில் இருக்கிற எண்பது பேர் மேல்மாடி மணவறையை ஆளுக்கொரு போனில் பார்க்கிறார்களா? அவர்கள் உங்கள் ஏற்றம் போகிற அதே டவரைத்தான் உறிஞ்சுகிறார்கள். அங்கே மூன்று டிவி வைத்துவிட்டால் எண்பது பிரதியும் ஒழிந்தது.

அந்த டிவிகளுக்கு இணையமே வேண்டாம். மடிக்கணினியிலிருந்து வீஎல்சி என்ற வீடியோ மென்பொருள் மூலம் 239இல் தொடங்கும் ஒரு முகவரிக்கு அனுப்பினால், அதே சுவிட்சில் வயர் குத்திய எத்தனை பெட்டியிலும் திறந்து பார்க்கலாம். மடிக்கணினி ஒரு பிரதிதான் அனுப்பும். மல்டிகாஸ்ட் உண்மையாகப் பலன் தருகிற இடம் இதுதான். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி உள்ள சுவிட்ச் என்றால், கேட்ட துளைக்கு மட்டும் கொடுக்கும். வயரில்தான் செய்ய வேண்டும். வைஃபையில் மல்டிகாஸ்ட் பொட்டலத்துக்குக் கிடைத்தது என்ற பதில் வராது, தொலைந்தால் தொலைந்ததுதான். போதாததற்கு ரவுட்டர் அதை ஆக மெதுவான வேகத்தில் அனுப்பும். உங்கள் டிவியும் உடையும், அதே வைஃபையில் உள்ள மற்றவர்களும் தவழுவார்கள்.

பதிவு

கொழும்பில் காலை பத்து மணி முகூர்த்தம் என்றால் கோடையில் லண்டனில் விடியற்காலை ஐந்தரை, பாரிஸில் ஆறரை, டொரொண்டோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. கனடாச் சொந்தத்தில் பாதிப் பேர் அடுத்த நாள்தான் பார்க்கப் போகிறார்கள். ஆகவே நேரலை போகும்போதே போனுக்குள் ஒரு பிரதியைப் பதிய விடுங்கள். லாரிக்ஸிலும் ஓபிஎஸ்ஸிலும் அதற்கு இடமுண்டு, ஆனால் நினைவகத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிக்னல் போய் நேரலையில் படம் நின்ற இடமெல்லாம் அந்தப் பதிவில் விடுபடாமல் இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், முன்னால் உள்ள வெறும் நாற்காலிகளையும் ஒலிச் சோதனையையும் வெட்டிவிட்டு, இரவு டேட்டாவிலோ ஃபைபரிலோ ஏற்றுங்கள். ஏற்றி முடித்த பிறகு நேரலையின் பழைய இணைப்பை அழிக்க வேண்டாம். அதன் விவரக் குறிப்பின் முதல் வரியில் புதிய இணைப்பைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எல்லாக் குடும்பக் குழுவிலும் சுற்றிக்கொண்டிருப்பது பழையதுதான்.